வாத்துச் சத்தம்

இன்னைக்கு விடியக்காலம், சீவலப்பேரி.
சிற்றாறு தாமிரபரணியில சேர்ற இடத்துல நிக்கேன்.

தலைக்கு மேல கனமா ஒரு சத்தம். அண்ணாந்து பாத்தா, வரித்தலை வாத்துக! பதினோரு எண்ணம்.
தலையில இருக்க கறுப்புக் கோடு தெரியல. சத்தம்தான் அடையாளம்.

மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி நம்ம கூந்தன்குளத்துக்கு வருதுக.
பறவை மிரளும்னு அந்த ஊர்ல தீபாவளிக்கு வெடியே போடமாட்டாங்க.
1994-ல சரணாலயம், 2022-ல ராம்சார் ஈரநிலம்னு அறிவிச்சாங்க. எல்லாத்துக்கும் மேல அந்த ஜனங்க மனசு!

பக்கத்துல துவைச்சிட்டிருந்த ஆச்சி சொன்னா: "முன்னெல்லாம் நாரைச் சத்தத்துலதாம்ல முழிப்போம்."
எனக்குத் தொண்டை அடைச்சிட்டு.

2011-லருந்து ஒவ்வொரு ஜனவரியும் தாமிரபரணிக் குளங்கள்ல பறவை எண்ணுதாங்க.
அடுத்த ஜனவரி நான் போறேன். நீங்களும் வாரீங்களா?