குளிருக்குத்தான் என்று சொன்ன பெரியவர்

தை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் ஸ்காபரோவிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா, அம்மா ராத்திரியெல்லாம் சொறிஞ்சிக்கிட்டே இருக்காங்க. காலெல்லாம் கீறி ரத்தம் வருது. கேட்டா, குளிருக்குத்தான், சும்மா இருங்கறாங்க.”

அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. மாத்தளையில் பிறந்து வாழ்ந்தவருக்கு அது கனடாவில் மூன்றாவது குளிர்காலம். தங்கை என்னிடம் எதிர்பார்த்தது ஒரு களிம்பின் பெயரை மட்டுமே. நானோ, இரத்தத்தில் கிரியேற்றினின் அளவையும் சிறுநீரையும் பரிசோதித்துவிடு என்றேன். சொறிச்சலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்று அவள் கேட்டாள். அந்தத் தொடர்பை நான் அறிந்துகொண்டது வில்கமுவவில். அதுவும் மிகத் தாமதமாக.

ரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் வளைவுகளில் ஏறி, இலுக்கும்புர வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபக்கம் இறங்கினால் குளிர்மலை விலகி உலர்வலயம் தொடங்கிவிடும். வயல்களும் குளங்களும் அப்பால் வஸ்கமுவ தேசியப் பூங்காவின் காடும் தெரியும். மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கிறோமா என்ற ஐயம் எனக்கு அங்கே எப்போதும் எழுவதுண்டு. பெரும்போக நெல் முற்றும் தை, மாசியில் யானைகள் வயலுக்கு இறங்கும். விவசாயிகள் இரவு முழுவதும் காவற்பரணில் விழித்திருப்பார்கள். பகலில் சுடும் அந்த மண் பின்னிரவில் பனி இறங்கி விறைத்துப்போகும்.

யானைகளைப் பற்றி எழுதவே அன்று போயிருந்தேன். பரணின் அடியில் மூட்டிய தீயருகே ஒரு சிங்களப் பெரியவர் அமர்ந்திருந்தார். எனக்கு யானைக் கதைகளைச் சொல்லியபடியே முழங்காலுக்குக் கீழே விடாது சொறிந்துகொண்டிருந்தார். கால்தோல் வற்றிய குளத்தின் அடிமண்போல வெடித்திருந்தது. என்னவென்று கேட்டேன். குளிருக்குத்தான் மகன், வயதும் போய்விட்டது என்றார். நானும் தலையாட்டிவிட்டு யானைகளுக்குத் திரும்பினேன். கட்டுரை படத்துடன் வெளியாகிப் பாராட்டும் பெற்றது. ஒன்றரை வருடத்துக்குப் பின்னர் அதே வழியில் போனபோது அவரை விசாரித்தேன். சிறுநீரகம் பழுதாகி இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கடைசிக் காலத்தில் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கடுமையாகப் பாதித்த பகுதிகளில் வில்கமுவவும் ஒன்று. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளையும் அது பிடிக்கிறது. கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டாலும் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆரம்பத்தில் இந்நோய் சத்தமே போடாது. முற்றிய நிலையில் தோல் வறண்டு, தடிப்போ கொப்புளமோ இல்லாமலே அரிப்பெடுக்கும். இரவில் அது கூடும். பனிக்காலத்தில் முதியவரின் தோலும் ஏறக்குறைய இப்படித்தான் அரிக்கும் என்பதே இங்குள்ள பொறி. அந்தப் பெரியவரின் அரிப்பு எதனால் வந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. வில்கமுவவில் நின்றுகொண்டு அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். அதற்குத்தான் பத்திரிகை எனக்குச் சம்பளம் தந்தது.

நிற்க. அம்மாவின் பரிசோதனை முடிவுகளில் வயதுக்குரிய சிறு மாற்றங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. சிறுநீரகம், ஈரல், தைரொயிட் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அப்படியானால் குற்றவாளி யார்? வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்: இரவு பகலாக ஓடும் வெப்பமூட்டி, கொதிக்கக் கொதிக்க அரைமணி நேரக் குளிப்பு, உடம்பு முழுதும் வாசனைச் சவர்க்காரம், தோலோடு ஒட்டப் போட்ட கம்பளிச் சட்டை.

வயதாகும்போது தோல் மெலிகிறது. எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. வெளிக்குளிர் காற்றை வீட்டுக்குள் இழுத்துச் சூடாக்கும்போது அதன் ஈரப்பதம் வெகுவாக இறங்கிவிடும். வறண்ட அந்தக் காற்றும் சுடுநீரும் சவர்க்காரமும் சேர்ந்து தோலில் எஞ்சியிருக்கும் பசையையும் வழித்தெடுத்துவிடுகின்றன. முதலில் காட்டிக்கொடுப்பது கணைக்காலின் முன்புறம்.

வைத்தியர் சொன்னவை எளியவை. ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேற்படாத இளஞ்சூட்டுக் குளிப்பு. சவர்க்காரம் அக்குளுக்கும் அரைக்கும் பாதத்துக்கும் மட்டும். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றாகக் காயுமுன் வாசனையற்ற களிம்போ வாசலினோ பூசுதல். கம்பளிக்கு உள்ளே பருத்தி. நகத்தை ஒட்ட வெட்டுதல். நம்மவர்களின் தேங்காயெண்ணெயையும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. 2004இல் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெய்க்கு நிகராக உதவியது. ஆனால் உள்ளங்காலில் எண்ணெயோடு குளியலறைத் தரையில் நடக்க விடாதீர்கள். முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவு சொறிச்சலைவிடப் பெரிய துன்பம்.

இன்னும் மூன்று விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வரட்டும் என்று பெற்றோருக்கு ஒவ்வாமை மாத்திரை கொடுக்கும் பிள்ளைகளை நான் அறிவேன்; மயக்கம் தரும் அந்தப் பழைய வகை மாத்திரைகள் முதியவர்களுக்குத் தடுமாற்றத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் தீயருகிலோ ஹீட்டர் அருகிலோ கால் காய்ச்சக் கூடாது, சுடுவது தெரியாது. வாசலின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியிலும் கவனம் தேவை.

இவ்வளவையும் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு அடங்கவில்லையென்றால், அல்லது உடல் மெலிவு, பசியின்மை, கால்வீக்கம், மஞ்சள் நிறம் எதுவும் கூடவே இருந்தால் களிம்பை மாற்றிக்கொண்டிராமல் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். வில்கமுவ போன்ற ஊர்களில் வசிப்பவர்களும் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர்களும் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவின் கால் பத்து நாட்களில் ஆறிவிட்டது. தங்கை ஒவ்வொரு இரவும் களிம்பு பூசிவிடுகிறாளாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவே பேசினார். என் சிறுநீரகக் கதையையெல்லாம் ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை. முறைப்பாடு ஒன்று மட்டும் இருந்தது: “பச்சத்தண்ணியுமில்லாம சுடுதண்ணியுமில்லாம, இதெல்லாம் ஒரு குளிப்பாப்பா? நீயாச்சும் அவகிட்ட சொல்லு.”