நார்மல் டெலிவரி சார்

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஒரு வீட்டில் போன் அடித்தால், ஒன்று யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அல்லது யாரோ வரப்போகிறார்கள் என்று அர்த்தம். எனக்கு வருவதெல்லாம் இரண்டாவது ரகம்.

"சார், நார்மல் டெலிவரி சாருங்களா?"

"ஆமா, சொல்லுங்க."

பக்கத்தில் என் மனைவி புரண்டு படுத்து, "டெலிவரி சார், ஹாலுக்குப் போய்ப் பேசுங்க. சின்னது முழிச்சுக்கும்" என்பாள்.

நான் டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. பி.காம்., செகண்ட் கிளாஸ். பகலில் குரோம்பேட்டையில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு இந்த மாதிரி ஏதாவது எழுதுகிறேன். சுகப்பிரசவத்துக்குப் பொறுமையாக முயற்சி செய்கிற டாக்டர்கள், நர்சுகள், கர்ப்பிணிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்கள், தாய்ப்பால் கொடுக்கக் கற்றுத் தருகிறவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். போன் எனக்கல்ல, அந்தப் பட்டியலுக்கு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னுடைய இரண்டு குழந்தைகளும் சிசேரியன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே போகலாம்.

முதல் பிள்ளை 2019ல். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். காலையில் வலி எடுத்துப் போனோம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் வந்து நாலு பக்கத் தாளை நீட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று மூன்று இடத்தில் விரலை வைத்தார். போட்டேன். கடையில் 340 ரூபாய் டீச் செலவு வவுச்சரை முன்னும் பின்னும் புரட்டாமல் பாஸ் பண்ணாதவன் நான். மனைவியின் வயிற்றைத் திறக்கிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். "ஏன் டாக்டர்?" என்று கேட்டதற்கு, "குழந்தை நல்லபடியா வேணுமில்ல?" என்று பதில் வந்தது. இதற்கு 'வேண்டாம்' என்று சொல்கிற அப்பன் எங்கேயாவது இருக்கிறானா?

குழந்தை நல்லபடியாகத்தான் வந்தது. மனைவியும் நலம். ஆனால் அந்த ஆபரேஷன் தேவைதானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேவைப்பட்டிருக்கலாம். தெரியவில்லை என்பதுதான் என் குறை. கணக்கு எழுதுகிறவனுக்கு நஷ்டம்கூடப் பொறுக்கும். லாபமா நஷ்டமா என்றே தெரியாவிட்டால் தூக்கம் வராது.

தூக்கம் வராதவன் என்ன செய்வான்? புள்ளிவிவரம் படிப்பான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36. தனியாரில் 63.8. உலக சுகாதார நிறுவனம் 2015ல் ஒரு அறிக்கை விட்டது. ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதம் வரை ஏற ஏறத் தாய், சேய் மரணங்கள் குறைகின்றன. அதற்கு மேல் ஏறினால் மேற்கொண்டு குறைவதாகக் காணோம் என்று அதில் இருக்கிறது. பத்துக்கும் அறுபத்துமூன்றுக்கும் நடுவே உள்ள தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது? எங்கள் தொழிலில் விளங்காத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு பக்கத்தில் போட்டுவைப்போம். அப்படித்தான் போட்டேன்.

எல்லாப் பழியையும் டாக்டர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. "சித்திரை பொறக்கறதுக்குள்ள எடுத்துடணும் டாக்டர்" என்று, ஏதோ பேங்கில் போட்ட பணத்தை எடுப்பதைப்போலப் பேசுகிற மாமனார்களை நானே பார்த்திருக்கிறேன். ஜோசியர் எழுதிக் கொடுத்த நேரத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கடிகாரம் பார்க்கிற அப்பாக்களும் உண்டு. வலிக்குப் பயந்து தானாகவே கேட்கிற பெண்களும் உண்டு. அது அவர்கள் வலி, நமக்கென்ன தெரியும்?

இன்னொரு பக்கம், "அந்தக் காலத்துல எங்க பாட்டி வயக்காட்டுலயே பெத்துட்டு வந்து சோறு வடிச்சா" என்கிற கோஷ்டி. எங்கள் பாட்டியும் எட்டு பெற்றாள், எல்லாம் வீட்டில்தான். தங்கியது ஐந்து. இந்தக் கோஷ்டி அந்த மூன்றை மட்டும் எப்போதும் கூட்டலில் விட்டுவிடும்.

2022ல் இரண்டாவது. "இந்தத் தடவை நார்மலுக்கு முயற்சி பண்ணிப் பார்க்கலாங்க" என்றாள் மனைவி. முதலில் சிசேரியன் ஆனவளுக்கு அடுத்தது நார்மலா என்று என் மாமியார் நெஞ்சில் கை வைத்தார். ஆகும். மருத்துவரீதியாகத் தகுதியுள்ள பெண்கள் முயன்றால், நாலு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு ஆகிவிடுகிறது. ஆனால் சுமார் 200 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பையில் பழைய தையல் பிரிந்துவிடக்கூடும். பிரிந்தால் உடனே ஆபரேஷன், உடனே ரத்தம். அதனால் முயற்சிக்கு ஒத்துக்கொள்கிற டாக்டரும் வேண்டும், எந்த நேரமும் தயாராக இருக்கிற தியேட்டரும் வேண்டும்.

அப்படி ஓர் இடத்தைத் தேடித்தான் நீள நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து மயிலாப்பூர் வரை, சனிக்கிழமைகளில், ஸ்கூட்டரில். எல்லா இடத்திலும் நாலே கேள்விகள்தான். வலி வரும்போது கூட ஆள் இருக்கலாமா? எழுந்து நடக்க விடுவீர்களா, படுத்தே கிடக்கணுமா? முதல் பிரசவம் சிசேரியன் என்றால் நார்மலுக்கு முயல்வீர்களா? மயக்க மருந்து டாக்டர் ராத்திரியில் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வரணுமா?

பாதி இடங்களில் நோட்டையும் பேனாவையும் பார்த்துவிட்டு, "மெடிக்கல் ரெப்பெல்லாம் ஒரு மணிக்கு மேல" என்று ஓரமாக உட்காரவைத்தார்கள். ஓரிடத்தில் நிஜ ரெப் ஒருவர், "எந்தக் கம்பெனி சார் நீங்க?" என்று நட்பாக விசாரித்தார். "சொந்த முயற்சி" என்றேன். இன்னோரிடத்தில் வருமான வரி இலாகாவோ என்று பயந்து காபி கொடுத்தார்கள். (நல்ல காபி. பட்டியலில் சேர்க்கவில்லை.)

அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வயதான ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் அலுக்காமல் பதில் சொன்னார். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் துணைக்கு ஆள் இருக்கலாம் என்று மத்திய அரசே 2016ல் சொல்லிவிட்டதாம். "அப்ப நான் வரலாமா சிஸ்டர்?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை பெத்த அனுபவம் இருக்கற பொம்பளையா இருக்கணும் சார்." மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரையும் விடலாம் என்று விதி இருக்கிறது, பொது வார்டில் எங்கே மறைப்பது? பி.காம். அங்கே எடுபடவில்லை. துணைக்கு மாமியார் என்று எழுதிக்கொண்டேன்.

அந்த நர்ஸிடம்தான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அங்கே சிக்கலில்லாத பிரசவங்களைப் பார்ப்பது பெரும்பாலும் நர்சுகள்தான். அப்படிப்பட்டவர்களை முறையாகத் தயார் செய்யத்தான் 2018ல் மத்திய அரசு, மருத்துவச்சிப் பணிக்கென்றே நர்சுகளுக்கு 18 மாதப் பயிற்சி என்று திட்டம் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011லேயே அப்படிப் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. நமக்கோ, மருத்துவச்சி என்றால் பழைய சினிமாவில் வெந்நீர் கேட்கிற கிழவிதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

கடைசியில் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். நாலு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிட்டு, "நார்மல்னு கேரண்டி குடுக்க மாட்டேன். முயற்சி பண்ணுவேன், தேவைப்பட்டா நிறுத்துவேன். சம்மதமா?" என்றார். தனி அறை என்பதால் நானும் உள்ளே இருந்தேன். பதினாலு மணி நேரம். மனைவி நடந்தாள், உட்கார்ந்தாள், என் தோளைப் பிடித்துத் தொங்கினாள், என் பரம்பரையையே ஏசினாள். பதினைந்தாம் மணியில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா வரைபடத்தை எங்கள் இரண்டு பேரிடமும் காட்டி, எங்கே இறங்குகிறது, ஏன் மறுபடி ஏறத் தாமதமாகிறது என்று பேனாவால் சுட்டிக்காட்டினார். "இனி காத்திருந்தா அது பொறுமை இல்ல, பிடிவாதம்" என்றார்.

மனைவிதான் முதலில் தலையாட்டினாள். அதே நாலு பக்கத் தாள் வந்தது. இந்தத் தடவை படித்தேன். ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. எனக்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. இருபது நிமிஷத்தில் அழுகைச் சத்தம். தையலும் வலியும் பில்லும் முன்பு போலத்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் குறட்டை விட்டதாகச் சொல்கிறார்கள்.

நோட்டில் இருந்ததை ஆபீஸ் நண்பன் ஒருவனுக்காக எக்ஸெல்லில் ஏற்றி வாட்ஸப்பில் அனுப்பினேன். அவன் மச்சானுக்கு அனுப்பினான். மச்சான் ஊருக்கே அனுப்பினான். ஆறு மாதத்தில் செங்கல்பட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் போன். பட்டியலும் வளர்ந்தது: 46 வரிகள். நடுராத்திரியிலும் முகம் கோணாமல் வருகிற ஆட்டோக்காரர் ஒருவர்கூட அதில் உண்டு.

அங்கேதான் சறுக்கினேன். வரி ஏற ஏற ஒரு பெருமை. யாராவது "இவங்க நல்லா பண்றாங்க சார்" என்றால், நேரில் போகாமல், நாலு கேள்வி கேட்காமல் சேர்த்துவிட ஆரம்பித்தேன். வவுச்சர் இல்லாத பதிவு. எங்கள் தொழிலில் பாவம். அப்படிச் சேர்ந்ததுதான் பதினேழாவது வரி: கர்ப்பிணிகளுக்கு மூச்சுப்பயிற்சி நடத்துகிற ஓர் அம்மணி. 'நூற்றுக்கு நூறு நார்மல்' என்று யாரோ சொன்னதை அப்படியே குறிப்பில் ஏற்றினேன்.

2024 ஆடி மாதம் ஒருத்தர் போன் செய்தார். கோபமே இல்லாத குரல். "உங்க லிஸ்ட்ல பார்த்துதான் சார் அவங்க கிளாசுக்குப் போனோம். தண்ணி உடைஞ்சதும், அவசரப்பட்டு ஆஸ்பத்திரி போனா வெட்டிருவாங்க, வலி நல்லா வரட்டும்னு சொன்னாங்க. ஒண்ணரை நாள் வீட்லயே இருந்தோம். தண்ணி பச்சையா வந்தது சார். அது தப்புன்னு எங்களுக்குத் தெரியலை."

குழந்தை ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "மத்தவங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன் சார்" என்று வைத்துவிட்டார்.

2018ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஓர் இளம்பெண் உயிரிழந்தது பேப்பரில் வந்தபோது, 'இப்படியும் முட்டாள்கள் இருப்பார்களா' என்று சொன்னவன் நான். அந்த முட்டாள்கள் கையிலும் யாரோ ஒருவனின் சிபாரிசு இருந்திருக்குமோ என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் லீவு போட்டு 46 பேருக்கும் மறுபடி போன் செய்தேன், போகவேண்டிய இடங்களுக்கு நேரில் போனேன். அதே நாலு கேள்வி. பயிற்சி சொல்லித் தருகிறவர்களுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று: 'எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்வீர்கள்?' தண்ணீர் உடைந்தால், பச்சையாக வந்தால், ரத்தம் போனால், குழந்தை அசைவது குறைந்தால், உடனே என்று படபடவென்று சொன்னவர்கள் தங்கினார்கள். "அதெல்லாம் நெகடிவ் தாட்ஸ் சார்" என்றவர்கள் போனார்கள். மிஞ்சியது 29. பதினேழாவது வரியை அழித்துவிட்டு, காலி வரியாகவே விட்டுவைத்திருக்கிறேன். முதல் வரியில் 108.

ஆனால் நோட்டில் அடித்தால் அடித்ததுதான். வாட்ஸப்பில் அனுப்பியதை என்ன செய்வது? போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா ஒருவர், "உனக்கு உபயோகமா இருக்கும்டா" என்று எனக்கே ஒரு பட்டியலை அனுப்பினார். 'பலமுறை பகிரப்பட்டது' என்று அம்புக்குறி போட்டு வந்தது. பழைய 46. பதினேழாவது வரி பத்திரமாக இருந்தது. நாற்பத்தேழாவதாக யாரோ ஒரு ஜோசியரைச் சேர்த்திருந்தார்கள்.

பெரியப்பாவுக்கு யார் அனுப்பியது, அவருக்கு யார் என்று பந்தியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு நம்பராகப் பிடித்துக்கொண்டு போனேன். மூன்றாவது ஆள், ஓசூரில் ஒரு பையன்.

"தம்பி, அந்த லிஸ்ட்ல பதினேழாவது பேரை எடுத்துடுங்க."

"அய்யோ, அங்கதான் சார் நாளைக்கு ஒய்ஃபைச் சேர்க்கறதா இருந்தோம். எட்டாம் மாசம். நீங்க யாரு சார்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப எங்க சார் போறது?"

"ஓசூர்ல எனக்கு யாரையும் தெரியாது தம்பி. நாளைக்கு நீங்க பார்க்கற ஆஸ்பத்திரில நாலு கேள்வி கேக்கணும். பேனா இருக்கா?"

"ஒரு நிமிஷம் சார்..." யாரையோ கூப்பிட்டு எழுத ஏதாவது கொண்டுவரச் சொன்னான். இலையில் எனக்கு சாம்பார் ஊற்றிவிட்டார்கள்.