ரூபாய்க்குப் பத்துக் காசு

நாலு நாவல் எழுதிப் பெயர் வாங்கிவிட்டால் எந்தக் கூட்டத்துக்கும் சிறப்பு விருந்தாளியாகப் போய்த்தான் ஆகவேண்டும். அப்படித்தான் சென்ற வருஷம் ஒரு நூலகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் பேசிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது என் கணக்கு.

நான் போனபோது விதித் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. நிர்வாகிகள் ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கக் கூடாது என்று தீர்மானம். காரியதரிசி பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். ஓய்வு பெற்ற நூலகர். மல் ஜிப்பா, சந்தனப் பொட்டு, எல்லாரிடமும் சிரித்த முகம். எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. போயும் போயும் ஒரு நாற்காலிக்கு இத்தனை சண்டையா என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன்.

காரியதரிசி எழுந்து, “எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை நூலகச் சங்கத்தில் பதினேழு வருஷம் காரியதரிசியாக இருக்கவில்லையா?” என்று ஒரு போடு போட்டார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர் சொன்னது வாஸ்தவம். சங்கம் 1928-ல் ஆரம்பித்தது. 1945 வரை ரங்கநாதன்தான் காரியதரிசி. சீர்காழிக்காரர், கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானவர், சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை சகிக்காமல், பழைய வாத்தியார் வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்று அனுப்பி வைத்தார்கள். போனார். அங்கே குழந்தைகளும் தொழிலாளிகளும் நூல் நிலையத்துக்குள் தம் வீடு மாதிரி நுழைவதைக் கண்டார். அப்புறம் வாத்தியார் வேலையை அவர் நினைக்கவில்லை.

அந்தப் பதினேழு வருஷத்தில் சங்கம் செய்ததைச் சொல்ல வேண்டும். 1931-ல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகத்தை வெளியிட்டது சங்கம்தான். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நூலகத்துக்கென்று சட்டம் வேண்டும் என்று சட்டசபைக் கதவைத் தட்டினார்கள். 1933-ல் பஷீர் அகமது சயீத் மசோதா கொண்டுவந்தார்; நிறைவேறவில்லை. மறுபடி மனு, மறுபடி மகாநாடு. கடைசியில் 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்குள் ரங்கநாதன் சென்னையை விட்டே போய்விட்டார்!

அந்தச் சட்டத்தின் உயிர் வரியில் இருக்கிறது. தர்ம சிந்தனையுள்ள பணக்காரரை நம்பி நூலகம் நடத்த வேண்டாம். வீட்டு வரி கட்டுகிறவன் கூடவே நூலகத்துக்கும் ஒரு துளி கட்டட்டும் என்றார்கள். இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துக் காசு. நகராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

கைதட்டல் ஓய்ந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கிளை நூலகம் ஒன்றில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறவளாம். குரல் நடுங்கிற்று.

“ஐயா, ரங்கநாதன் இல்லாத சட்டத்துக்காக அலைஞ்சார். நாம இருக்கிற சட்டப்படி வசூலான பணத்தையே கேக்கலை. நகராட்சி மூணு வருஷமா வரியை ஒப்படைக்கலை. எங்க கிளையில மழை பெஞ்சா புத்தகத்தை எல்லாம் நடுவில குவிச்சு, தார்ப்பாய் போட்டு மூடிட்டு நாங்க வெளியில நிக்கிறோம். மூணு மனு எழுதி உங்க கையில கொடுத்தேன். ஒண்ணாவது போச்சா?”

காரியதரிசி சிரித்தார். “அம்மா, சேர்மனை நமக்கு நாளைக்கும் வேண்டும். பக்குவமாகத்தான் பேசணும்” என்றார்.

கெட்ட எண்ணத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பதினெட்டு வருஷம் ஒரே மேடையில் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் சிநேகிதராகிவிடுகிறார். சிநேகிதரிடம் கடன் கேட்டால் முகம் சுளிப்பாரே என்று கை கூசுகிறது. சண்டை நாற்காலிக்காக அல்ல, மேஜையை விட்டு நகராத அந்த மூன்று மனுக்களுக்காக என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைதட்டினதற்காக வெட்கப்பட்டேன்.

ஓட்டு எடுத்தார்கள். நாலு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறிற்று. ஆனால் அடுத்த தேர்தலிலிருந்துதான் அமல் என்று ஒரு வாலை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்லி இறங்கிவிட்டேன். காரியதரிசிதான் வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஒரு பழக்கூடையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் வரி ரசீதைத் தேடினேன். அரை வருஷத்துக்குச் சொத்து வரி 1,840 ரூபாய். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நூலக வரி, 184 ரூபாய். எத்தனை வருஷமாகக் கட்டியிருக்கிறேன், ஒரு தடவை அந்த வரியைப் படித்ததில்லை. மறுநாள் நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கதை எழுதுகிறவன் என்றெல்லாம் குறிப்பிடவில்லை. இந்த நம்பர் ரசீதில் நான் கட்டிய 184 ரூபாய் எந்தத் தேதியில் ஆணைக்குழுவுக்குப் போயிற்று என்று மட்டும் கேட்டேன். நகல் ஒன்றை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். ஆணையரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவளிடமிருந்து வந்தது: அவள் கிளையின் வாசகர்கள் நாற்பத்தொரு பேர் தங்கள் ரசீது நம்பரோடு அதே கடிதத்தை எழுதியிருக்கிறார்களாம்.