எட்டாக மாறிய ஆறு

2013இல் ஜெர்மனியில் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்தார்கள். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். வெளியே வந்த படத்தில் மூன்றுமே 14.13. பார்த்தாலே பெரிதாகத் தெரியும் அறைக்கும் சின்ன அறையின் அளவே போட்டிருந்ததால்தான் சந்தேகம் எழுந்தது. டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் தோண்டத் தொடங்கினார். ஒரு செலவுப் பட்டியலில் 65 என்பது 85 ஆகியிருந்ததும் சிக்கியது.

இத்தனைக்கும் அங்கே, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் குற்றவாளியே இல்லை. கோப்பின் அளவைக் குறைக்க, ஜேபிக்2 என்ற சுருக்கமுறை ஒன்றுபோல் தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். மங்கலோ கறையோ இல்லாமல், எண் பளிச்சென்று தப்பாக இருந்தது. ஜெராக்ஸ் நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது.

சொல்லில் ஓர் எழுத்து பிசகினால் வாசிக்கிற கண்ணே திருத்திக்கொள்ளும். 38,412 என்பது 33,412 ஆனால் யாருக்கு உறுத்தும்?

பழைய புள்ளிவிவரத் தொகுதிகளை ஓசிஆர் வழியாக எக்செல்லுக்கு ஏற்றுபவர்களுக்கு இன்னும் பல வம்புகள் உண்டு. அச்சில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வலப்பக்க எண்கள் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிடும். 'மேற்படி' என்பதற்குப் போடும் இரட்டைக் குறி 11 ஆகும். நம்மூர் வழக்கப்படி 12,34,567 என்று அச்சிட்டதைக் காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பாகக் கவனமின்றிச் சேமித்தால் மூன்று கட்டங்களாகச் சிதறும். மென்பொருள் சரியாகப் படித்தாலும் எக்செல் சும்மா விடாது. 2-3 என்று கண்டால் தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லையால்தான் மார்ச்1, செப்ட்2 என்றிருந்த மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றிவிட்டதாக மரபணுப் பெயரிடும் குழு 2020இல் அறிவித்தது. மென்பொருளுக்குப் பணிந்து அறிவியல் பெயரை மாற்றிக்கொண்டது வேடிக்கைதான்.

இத்தகைய பிழைகளைப் பிடிக்கக் கைகொடுப்பவை பட்டியலின் அடியிலும் ஓரத்திலும் இருக்கும் 'மொத்தம்' என்ற எண்கள். ஒரே வரிசையில் ஒரு 3 எட்டாகி, அதே இடமதிப்பில் இன்னொரு 8 மூன்றானால் குறுக்குக் கூட்டல் ஏமாந்துவிடும். நெடுக்காகவும் கூட்டினால் பிடிபடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மொத்தத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்து, இரண்டு பக்கமும் டேலி ஆகிறதா என்று பார்ப்பார்கள்.

டேலி ஆகாத இடத்தில் மூலத்தைப் புரட்டினால், சில சமயம் மென்பொருள் சரியாகவே படித்திருக்கும், பிழை அச்சுக்கோத்தவருடையது. அப்போது அச்சில் உள்ள எண்ணை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் குறிப்பு எழுதுவதே முறை.