முதல்ல ஆம்ப்... அப்புறம்தான் பெடல்!



திருநெல்வேலியில இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ல வந்திருக்கீங்களா? வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு எல்லாம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா காத்தாடிங்க வரிசைகட்டி நின்னு உங்களுக்கு டாட்டா காட்டும். 'ஐ... விண்ட்மில்!'னு ஜன்னலோரத்துல இருக்கிறவங்க போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஒரு ஊர் வந்து போயிடும். அதுதான் எங்க ஊர், ஆரல்வாய்மொழி!

மலைங்க ரெண்டும் விலகி நின்னு காத்துக்கு வழிவிட்ட கணவாய் இது. வைகாசி பிறந்துட்டா புரட்டாசி வரைக்கும் காத்துதான் எங்க ஊர் ராஜா. மொட்டை மாடியில கிளிப் போடாம சட்டையைக் காயப் போட்டீங்கன்னா, முப்பந்தல்ல போய்த்தான் பொறுக்கணும்.

இப்படி மெகாவாட் கணக்குல கரண்ட் எடுக்கிற ஊர்ல பொறந்துட்டு, பத்து வாட் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கத் தெரியாம நான் முழிச்ச கதையைத்தான் இப்ப சொல்லப் போறேன். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிட்டு 'அடுத்து என்ன?'னு நிக்கிற ஆளா நீங்க? அப்ப இது உங்களுக்குத்தான்.

அண்ணனோட போனஸ்!

2005-ம் வருஷம். நாகர்கோவில்ல பி.எஸ்ஸி. பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். கோர்ஸ் முடிச்சுட்டுப் போன சீனியர் ஒருத்தர்கிட்ட இருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒண்ணை 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதை ஆம்ப் இல்லாம வாசிச்சா சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? பக்கத்து ரூம்ல யாரோ ரப்பர் பேண்டை இழுத்து விடுற மாதிரி!

எங்க அண்ணனுக்கு காத்தாடி கம்பெனியில மெயின்டனன்ஸ் வேலை. பெல்ட் மாட்டிக்கிட்டு டவருக்குள்ள ஏணி ஏறி உச்சிக்குப் போற வேலை. அந்த தீபாவளிக்கு போனஸ் வந்ததும் 7,000 ரூபாயை எண்ணி என் கையில வெச்சான். "லேய், அந்த ஆம்ப்ளிபயரோ என்னவோ சொன்னியே, அதை வாங்கிக்கோடே. எனக்கு ஒரே ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு, போதும்" என்றான்.

நேரா கடைக்குப் போனேன். ஆம்ப் எல்லாம் கறுப்பு டப்பாவா, கோயில் உண்டியல் மாதிரி அமைதியா உட்கார்ந்திருந்தது. பக்கத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடல்! சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குனு எரியுது. உள்ளே இருபதுக்கு மேல டோன். ஒண்ணு பேரு மெட்டல், இன்னொண்ணு பேரு ஸ்டேடியம். ஸ்டேடியமே கிடைக்கும்போது பத்து வாட் டப்பா எதுக்குன்னு மனசு கணக்குப் போட்டுச்சு. 'ஆம்ப்புக்குப் பதிலாத்தான் ஊர் பூரா மைக்செட் இருக்கே!' 7,000 ரூபாயும் பெடலுக்குப் போச்சு.

இதுதான் தப்பு நம்பர் ஒண்ணு. நீங்க செய்யாதீங்க.

ஸ்டேடியம் கொசுவான கதை

2006 பிப்ரவரி. காலேஜ் கல்ச்சுரல்ஸ். அண்ணன் ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டு, யூனிஃபார்மைக் கூட கழட்டாம வந்து கடைசி வரிசையில நின்னான். நான் கிட்டாரை பெடல்ல சொருகி, பெடலை மைக்செட்ல சொருகி, மெட்டல் டோனை அமுக்கி... ஒரு அடி அடிச்சேன்.

'ஙொய்ய்ய்ய்...'

ஆயிரம் கொசு ஒரே சமயத்துல கூம்பு ஸ்பீக்கருக்குள்ள புகுந்த மாதிரி ஒரு சத்தம்! முன் வரிசையில காதைப் பொத்தினாங்க. யாரோ 'குட்நைட் போடுங்கடா'னு கத்த, ஹாலே சிரிச்சது. பாதிப் பாட்டுல இறங்கிட்டேன். அண்ணன் தோள்ல கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். ஒண்ணும் சொல்லலை. அவன் ஏதாச்சும் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இப்பவும் தோணும்.

ஏன் அப்படி ஆச்சு? பிசிக்ஸ் படிச்ச எனக்குப் புரியலை. எங்க ஊர் கோயில் கொடைக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டுற மைக்செட் அண்ணாச்சிதான் புரிய வெச்சார்.

"எப்பா, மைக்செட்டு இருக்கது வில்லுப்பாட்டுக்காரர் பேசுத ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேக்கதுக்கு. கிட்டார் ஆம்ப்ல இருக்க ஸ்பீக்கர் அப்படி இல்லடே. அது ஒரு சல்லடை. கரகரப்பை எல்லாம் அரிச்சுப் பிடிச்சுட்டு நல்லதை மட்டும்தான் வெளிய விடும்."

அண்ணாச்சி சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன். கிட்டாரோட தடிச்ச கம்பி சும்மா அடிச்சா 82 ஹெர்ட்ஸ். மெல்லிசுக் கம்பியில 24-வது கட்டைக்குப் போனாலும் 1,300 ஹெர்ட்ஸ் சுமார்தான். அதுக்கு மேல இருக்கிறதெல்லாம் அந்த சுரத்தோட கிளை ஒலிங்க. டிஸ்டார்ஷனைப் போட்டா இந்தக் கிளை ஒலி காடு மாதிரி வளரும். கிட்டாருக்குன்னே செஞ்ச ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் வாக்குல இருந்தே அதையெல்லாம் சட்டுனு குறைச்சிடும். மைக்செட் குறைக்காது. மிச்சம் இருக்கிறதுதான் கொசு!

ஆக, ஆம்ப்ங்கிறது வெறும் சத்தத்தைக் கூட்டுற பெட்டி இல்லை பாஸ். அது உங்க வாத்தியத்தோட பாதி. வீணைக்குக் குடம் மாதிரி.

(இப்ப வர்ற மல்ட்டி எஃபெக்ட்ஸ்ல இந்த ஸ்பீக்கர் வேலையையும் சேர்த்துச் செய்ய 'கேபினெட் சிமுலேஷன்' இருக்கு. அதை ஆன் பண்ணிட்டா மைக்செட்லயும் தாராளமா சொருகலாம். என் பழைய டப்பாவுல அது இல்லை.)

'டப்பாவையா கேட்டேன்?'

சோதனை அதோட முடியலை. பெடலோட அடாப்டர் தொலைஞ்சு போச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் 60 ரூபாய்க்கு ஒரு அடாப்டர் வாங்கினேன். 9 வோல்ட் சரியா வெச்சேன். ப்ளஸ், மைனஸ் மாத்துற குட்டி ஸ்விட்ச் ஒண்ணு பக்கவாட்டுல இருந்ததை மட்டும் பார்க்கலை. சொருகின அடுத்த நொடி லேசா ஒரு வாசனை. சிவப்பு லைட்டு அணைஞ்சது. அவ்வளவுதான். ஸ்டேடியமும் போச்சு, மெட்டலும் போச்சு, அண்ணனோட போனஸும் போச்சு!

ரெண்டு மாசம் அவன்கிட்ட சொல்லலை. "எங்கடே அந்த சாதனம்?"னு கேட்டா "ஃப்ரெண்ட் வாங்கிட்டுப் போயிருக்கான்"னு புளுகினேன். ஒருநாள் ராத்திரி அவன் வேலை முடிஞ்சு வந்து, கையில இருந்த கிரீஸ் கறையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்தான். அந்தக் கையைப் பார்த்ததும் பொய் தொண்டையில நின்னுடுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

ரொம்ப நேரம் துடைச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "நான் ஒரு பாட்டுதானடே கேட்டேன். டப்பாவையா கேட்டேன்?"

ஃப்ரெண்ட்ஸ், எத்தனையோ கிட்டார் புக் படிச்சிருக்கேன். இந்த ஒரு வரி அதுல எதுலயும் இல்லை.

அந்த வருஷம் லீவுல டியூஷன் எடுத்து, கிடைச்ச பைசாவோட திருவனந்தபுரம் போய், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரோலண்ட் மைக்ரோ க்யூப் வாங்கினேன். 2 வாட். 5 இன்ச் ஸ்பீக்கர். ஆறு பென்சில் பேட்டரி போட்டாலும் பாடும். ஆனி மாசக் காத்து அடிக்கிற மாடியில, தண்ணி டேங்க் மறைவுல உட்கார்ந்து, எந்த எஃபெக்ட்டும் இல்லாம ஆறு மாசம் வாசிச்சேன். அப்பதான் ஒரு உண்மை தெரிஞ்சது. என் விரல் கம்பியைச் சரியா அமுக்கவே இல்லை! டிஸ்டார்ஷன் அதை மூடி மறைச்சிருக்கு. சுத்தமான ஆம்ப் மறைக்கலை.

2008-க்கு அப்புறம் தமிழ்நாடே மின்வெட்டுல தவிச்சப்பவும், காத்தாடிங்க சுத்துற எங்க ஊர் இருட்டுல கிடந்தப்பவும், அந்தக் குட்டி டப்பா மட்டும் பேட்டரியில பாடிக்கிட்டு இருந்தது.

சரி, நீங்க என்ன வாங்கணும்?

உங்ககிட்ட பத்து ரூபாய் இருந்தா ஏழு ரூபாயை ஆம்ப்புக்கு வைங்க. இது என்னோட கணக்கு.

வாட்டைப் பார்த்து மயங்காதீங்க. வாட் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்காகாது. வெறும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா வாட் பத்து மடங்கு வேணும். அதாவது 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு 'டபுள்'தான்! ஹாஸ்டல் ரூமுக்கு 5, 10 வாட் தாராளம். டிரம்ஸோட வாசிக்கிறவங்க 30, 50 பக்கம் போங்க. இப்ப பாஸ் கட்டானா 50 மாதிரி ஆம்ப்ல அரை வாட், 25, 50னு மாத்திக்கிற வசதியே இருக்கு. ரூமுக்கும் மேடைக்கும் ஒண்ணே போதும்.

வால்வு ஆம்ப் வேணுமா? பழைய ரேடியோவுல சிவப்பா எரியுமே, அதே வால்வுதான். பெங்களூர்ல பி.இ.எல். நிறுவனமே ஒரு காலத்துல அதைத் தயாரிச்சது. சத்தம் தேன். ஆனா விலை, எடை, அடிக்கடி வால்வு மாத்துற செலவு... படிக்கிற காலத்துக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்போ, டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்போ போதும். அமெரிக்காவுல இருந்து யாராவது ஆம்ப் கொண்டுவந்தா, பின்னால 120 வோல்ட்னு எழுதியிருக்கான்னு பாருங்க. நம்ம 230-ல நேரா சொருகினா புகைதான்.

'கர்ர்ர்'னு ஒரு ஹம் கேக்குதா? அது பெரும்பாலும் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பாடுற பாட்டு. முதல்ல வீட்டுல எர்த் சரியா இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஹம் போகணும்னு எர்த் பின்னை மட்டும் உடைச்சிடாதீங்க. காத்தாடியில ஏறுற எங்க அண்ணன் இதைச் சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் என்னை விட்டான்!

பெடல் எப்ப?

ஆம்ப்போட ஆறு மாசம் பழகினப்புறம், 'இது என்னால முடியலையே'னு ஒரு ஏக்கம் வரும். அந்த ஏக்கத்துக்கு ஒரு பெடல் வாங்குங்க. சுரம் சீக்கிரம் செத்துப் போகுதேன்னு தோணினா ஓவர்டிரைவ். வெறுமையா கேக்குதுன்னா டிலே இல்லேன்னா ரிவெர்ப். முதல் பெடல் எதுன்னு என்னைக் கேட்டா, சுருதி பார்க்கிற ட்யூனர்னுதான் சொல்வேன் (சிரிக்காதீங்க!).

வரிசையும் முக்கியம். ட்யூனர், வா, ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப். இது பொதுவான வரிசை. டிலேயை முன்னால வெச்சு டிஸ்டார்ஷனைப் பின்னால வெச்சா, எதிரொலி ஒவ்வொண்ணும் சேர்ந்து கரகரத்து சாம்பாரும் பாயசமும் ஒண்ணா கலந்த மாதிரி ஆகிடும்.

அடாப்டர்? என் கதையை நினைச்சுக்கோங்க. பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடுவுல மைனஸ். ஆனா உங்க பெடல் மேல போட்டிருக்கிற படத்தைப் பார்க்காம சொருகாதீங்க. வோல்ட் சரியா அதே இருக்கணும். மில்லி ஆம்பியர் மட்டும் கூட இருந்தா பரவாயில்லை, குறையக் கூடாது.

காசு இல்லைன்னு கவலையா? 1962-ல லண்டன்ல ஜிம் மார்ஷல் தன் கடையில ஆம்ப் செய்ய ஆரம்பிச்சதே, இறக்குமதி ஆன ஃபெண்டர் ஆம்ப்பை அங்க இருந்த பசங்களால விலை கொடுத்து வாங்க முடியாததாலதான். 1964-ல 'கிங்க்ஸ்' இசைக்குழுவோட டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்ப்போட ஸ்பீக்கரை பிளேடால கிழிச்சுத்தான் அந்தக் கரகரப்பைக் கொண்டுவந்தார். 'குயீன்' இசைக்குழுவோட ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில கிடைச்ச ஒரு சர்க்யூட் போர்டை ஸ்பீக்கர் பெட்டியில வெச்சு, 9 வோல்ட் பேட்டரியில ஓடுற ஆம்ப் செஞ்சார். அதுல பிரையன் மே வாசிச்சது உலகம் பூரா கேட்டுச்சு.

நம்ம பக்கம் பாருங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல கப்பல் கட்டுற படிப்பு படிச்ச கிட்டார் பிரசன்னா, எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்னாடக ராகங்களை கமகத்தோட வாசிக்கிறார். கொச்சி 'மதர்ஜேன்' இசைக்குழுவில வாசிச்ச பைஜு தர்மஜன் ராக் மேடையில கர்னாடக நெளிவுகளைக் கொண்டுவந்தார். அந்த நெளிவு எந்தப் பெடல்லயும் விக்கிறதில்லை. விரல்ல இருந்து வர்றது.

எங்க ஊர் காற்றாடிமலையில மணியடிச்சான் பாறைன்னு ஒண்ணு இருக்கு. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினா மணி மாதிரி கணீர்னு கேக்கும். லேசா தட்டினா ஒரு சத்தம், ஓரத்துல தட்டினா வேற சத்தம். சின்ன வயசுல அண்ணன்தான் கூட்டிட்டுப் போய் தட்டக் கத்துக் கொடுத்தான். கடைசியில அந்த ஆம்ப்போட அவனுக்கு வாசிச்சுக் காட்டினது எங்க மாடியில. பேட்டரி தீரப் போகுது, காத்து வேற பாதி சத்தத்தைத் தூக்கிட்டுப் போகுது. ஒரே பாட்டு. முடிஞ்சதும், "இன்னொருக்கா வாசிடே" என்றான்.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் காத்துக்கிட்டு இருப்பாங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு என்ன பாட்டு வேணும்னு கேட்டுட்டுப் போங்க மக்கா!