இறக்கம்

காலை ஏழு மணி. வாலாஜாபாத்தைத் தாண்டி, பழையசீவரத்துக்கு முன்னால் சாலையிலிருந்து பிரிந்து மேலேறும் கல்குவாரிப் பாதை. உச்சியில் பழைய மகிந்திரா ஜீப் நிற்கிறது. வெறும் வண்டியாக ஏறி வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இனி ஒரு கம்ப்ரஸர் வண்டியைக் கட்டி இறக்க வேண்டும். பாறையில் துளை போடக் காற்று தரும் இயந்திரம். 1 டன் இருக்கும். பழுதாகிக் கிடக்கிறது.

ஓட்டுநருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்ரஸரின் மூக்கைத் தூக்கிப் பார்க்கிறார். லேசாக எழும்பிவிடுகிறது. முகம் சுருங்குகிறது.

"தம்பி, பின்னாடி கெடக்குற ராடையெல்லாம் முன்னாடி மாத்து."

"சரிண்ணே," என்கிறான் உதவிக்கு வந்த பையன்.

பின்பாரம் மிகுந்தால் கொக்கி ஜீப்பின் பின்புறத்தைத் தூக்கும். சக்கரம் மண்ணைப் பிடிக்காது. பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் உட்கார வேண்டும். இப்போது மூக்கை அசைக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. தலையசைக்கிறார். பின்னைச் செருகி, அதற்குப் பூட்டு ஊசியும் போடுகிறார். சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுகிறார். பின் முறிந்தாலும் மூக்கு அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்; தரையில் குத்தாது.

நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்து, லோ கியரில் முதல் கியர். ஜீப் உறுமியபடி நகர்கிறது. 5 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவு. ஏறக்குறைய 200 கிலோ கனம் முதுகில் கைவைத்துத் தள்ளுவது போலத்தான். இன்ஜினே பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை அவர் தொட்டுத் தொட்டு விடுகிறார். கிளச்சில் கால் வைக்கவே இல்லை. பையன் முட்டுக்கட்டையோடு பக்கவாட்டில் நடக்கிறான். இரண்டு வண்டிக்கும் நடுவில் போவதில்லை, முன்னாலும் போவதில்லை.

மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். அவரைத் தோளில் சுமந்து மலையிறங்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் கால்கள் நினைவுக்கு வருகின்றன. இழுத்து ஏற்றுவதை ஊரே மெச்சுகிறது. பாரத்தைப் பதறாமல் இறக்குவதுதான் பெரிய வித்தை என்று எனக்குப் படுகிறது.

பாதி வழியில் பிரேக் வாடை.

"கட்டை!"

சக்கரத்துக்கு முன்னால் கட்டை விழுகிறது. பையன் தண்ணீர்க் கேனைத் தூக்குகிறான்.

"வேணாண்டா. சூட்டுல டிரம் வெடிச்சிரும். தானா ஆறட்டும்."

பின்னால் வந்து நின்ற டிப்பர் ஹாரன் அடிக்கிறது. மறுபடியும் அடிக்கிறது. அவர் திரும்பவில்லை. டிரம்முக்கு அருகே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்க்கிறார். உட்கார்கிறார். எழுந்து மீண்டும் பார்க்கிறார்.

ஜீப் தார்ச்சாலையைத் தொடும்போது மணி 7.50.