சொல்தாவின் காற்சட்டை

“பதறாத காரியம் சிதறாது” என்பார்கள். அதன் பொருளை ஒரு காற்சட்டை எங்களுக்குக் கற்பித்தது.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பள்ளி ஆண்டு விழாவில், 1748-ஆம் ஆண்டு நிகழ்ந்த புதுச்சேரி முற்றுகையை நாடகமாக நடித்தோம். ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் பெரும் படையுடன் நகரைச் சூழ்ந்ததும், ஆளுநர் துய்ப்ளேக்ஸ் எதிர்த்து நின்றதும், மழைக்காலம் நெருங்கவே அக்டோபரில் முற்றுகை கைவிடப்பட்டதும் வரலாறு. அந்நாட்களைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையும் நாடகத்தில் வந்தார். பிள்ளைக்கு அங்கியும் தலைப்பாகையும் எளிதில் கிடைத்தன. நான்கு பிரெஞ்சு சொல்தாக்களுக்குக் காற்சட்டைதான் கிடைக்கவில்லை.

“தையற்காரரிடம் கொடுத்துவிடலாம், சிஸ்டர்” என்றோம்.

“தையல் இயந்திரத்துக்குத் திமோனியே என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்றதே 1830-இல்தான். அந்தச் சொல்தாக்கள் உடுத்தியது கைத்தையல். நீங்களும் கையாலேயே தைத்துப் பாருங்களேன்” என்றார் தையல் சிஸ்டர்.

நேரு வீதியில் காடாத்துணி வாங்கி, நனைத்து உலர்த்தினோம். அக்காலக் காற்சட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். ஜிப் கிடையாது, முன்புறம் மடிப்பு ஒன்று பொத்தான்களால் மூடும். பின்புறமோ தொளதொளவென்று இருக்கும். நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பின்தையல் போட்டோம், காஜா எடுத்தோம். ஊசி குத்திய விரல்களுக்குக் கணக்கில்லை.

பின்புறம் சாக்குப்பைபோல் தொங்குவது மட்டும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. சிஸ்டர் வரைந்து தந்த கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வெட்டினோம். “வேண்டாம்டி, சிஸ்டர் சொன்னபடியே வெட்டலாம்” என்றாள் ஒருத்தி. நாங்கள் கேட்கவில்லை. நடுத்தையலை அவள்தான் தைத்தாள்.

ஒத்திகையன்று, துப்பாக்கியுடன் மண்டியிட்ட முதல் சொல்தாவின் காற்சட்டை ‘டர்’ரென்று கிழிந்தது. அரங்கமே சிரித்தது. “இதை யார் தைத்தது?” என்றார் சிஸ்டர். அவள் எழுந்து நின்றாள். நாங்கள் தலைகுனிந்து பேசாமல் இருந்தோம். அவளும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று மாலை அவள் தனியே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கிழிசலைத் தைக்க எடுத்தபோது நாங்கள் திடுக்கிட்டோம். அவள் போட்ட தையலில் ஒரு நூல்கூட அறவில்லை. தையலை ஒட்டியிருந்த துணிதான் கிழிந்திருந்தது! இழுத்தால் நீளாத துணியில் உட்காரவும் மண்டியிடவும் இடம் வேண்டும் என்றுதான் அக்காலத்தவர் பின்புறத்தைத் தொளதொளப்பாக விட்டார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. நாங்கள் குறைத்தது அழகின்மையை அல்ல, அந்த இடத்தை.

எல்லோருமாகச் சென்று, “தப்பு எங்களுடையது, சிஸ்டர். அவள் தடுத்தாள், நாங்கள்தான் வெட்டினோம்” என்றோம்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. “இதை என்னிடம் சொல்லிவிட்டீர்கள். நேற்று சிரித்தவர்கள் முன்னிலையில் யார் சொல்வது?” என்றார். அடுத்த ஒத்திகையில் அனைவர் முன்னிலையிலும் சொன்னோம். துணியைக் கிழிப்பதைவிட அது கடினமாக இருந்தது.

பிறகு நான்கு காற்சட்டைகளிலும் முக்கோணத் துண்டு வைத்துத் தைத்தோம். எப்படி வைப்பது என்று அவளே காட்டித் தந்தாள். விழாவன்று சொல்தாக்கள் நால்வரும் அச்சமின்றி மண்டியிட்டார்கள்.

அந்தக் காற்சட்டைகள் இப்போது எங்கள் பள்ளி நாடகப் பெட்டியில் இருக்கின்றன. அடுத்து அவற்றை உடுத்தும் தங்கையரே, பின்புறத்து ஒட்டுகளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவை எங்கள் தவற்றின் அடையாளம். எங்கள் தோழி எங்களை மன்னித்ததன் அடையாளமும் கூட.